உளுந்து அடித்த ஸ்போர்ட்ஸ் கார்

ஒரு பொருளை நம்மிடம் நம்பிக் கொடுத்துவிட்டு அதன் சொந்தக்காரர் வெளிநாடு போய்விட்டால், கொஞ்ச நாளில் அது நம்முடைய பொருளாகிவிடுகிறது. முதலில் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். பிறகு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறோம். அப்புறம் சொந்தக்காரருக்கே அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. இது மனித இயல்பு என்று நான் சொன்னால் என் மனைவி ஒப்புக்கொள்வதில்லை. "அது உங்க இயல்பு. அதுல மத்த மனுசங்கள ஏன் இழுக்கறீங்க?" என்கிறாள்.

அந்தப் பொருள் ஒரு கார். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, பின்னால் ஒரு இறக்கை. ஜப்பானில் செய்தது. சிங்கப்பூரில் இருந்த யாரோ ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்து, சென்னையில் ஒரு பல் டாக்டர் கைக்குப் போய், அவருக்கு முதுகுவலி வந்ததால் விற்பனைக்கு வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். நிறம் மட்டும்தான் இடித்தது. பளிச்சென்ற மஞ்சள். சிதம்பரத்தில் காலை நேரத்தில் நான் அதை வெளியே எடுத்தால், ஸ்கூல் வேனுக்காக நிற்கும் குழந்தைகள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருவார்கள்.

வாங்கியவன் சாதிக். பரங்கிப்பேட்டைக்காரன். சிதம்பரத்தில் டிப்ளமோ படித்தபோது எனக்குப் பக்கத்து இடம். படித்து முடித்ததும் அவன் துபாய்க்குப் போனான். நான் சிதம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். (லேபில் இருந்தது குறுக்கே வெட்டி, உள்ளே தெரியும்படி கலர் கலராகப் பெயிண்ட் அடித்து வைத்த என்ஜின். அது ஓடாது. ஓடாத என்ஜினோடு பழகினால் என்ஜின்களைப் பற்றி அபாரமான தைரியம் வந்துவிடும்.)

துபாயில் சாதிக்குக்குக் கார்களை ஏற்றிப்போகும் லாரி ஓட்டுகிற வேலை. விடுமுறை நாட்களில் பணக்காரர்களின் ஸ்போர்ட்ஸ் கார்களை ஏற்றிக்கொண்டுபோய் அங்கிருந்த ரேஸ் டிராக்கில் இறக்கிவிட வேண்டும். 'டிராக் டே' என்று அதற்குப் பெயர். போட்டி கிடையாது, கப் கிடையாது. அவரவர் காரை அவரவர் கொண்டுவந்து, வேறு போக்குவரத்து இல்லாத அந்தப் பாதையில் நாள் முழுக்க ஆசைதீர ஓட்டிவிட்டுப் போகலாம். சாதிக் கார்களை இறக்கிவிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் வெயிலில் நிற்பான். சாயங்காலம் மறுபடி ஏற்றிக்கொண்டு வருவான். லாரியிலிருந்து இறக்கும்போது கொஞ்சம், ஏற்றும்போது கொஞ்சம். அவ்வளவுதான் அவன் அந்தக் கார்களை ஓட்டியது.

2007-இல் லீவில் வந்தபோதுதான் மஞ்சள் காரை வாங்கினான். "சென்னைப் பக்கத்திலயும் டிராக் இருக்கு மச்சான். இங்கயும் டிராக் டே நடக்குதாம். அடுத்த லீவுல ஒரே ஒரு நாள் நான் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கணும்" என்றான். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. அதற்குள் வண்டியை டிராக்குக்குத் தயார் செய்ய வேண்டும். அவன் வீட்டுச் சந்தில் கார் நுழையாது. கடல்காற்றில் தகரம் வேறு துருப்பிடிக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா சிமெண்ட் வியாபாரம் செய்த காலத்துக் குடோன் காலியாக இருந்தது. "நான் பாத்துக்கறேன்டா" என்றேன். அந்த நிமிடத்தில் அவன் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வான். என்ன செய்ய வேண்டும் என்று அவன் தெளிவாகத்தான் சொன்னான். பிரேக்கை நல்லதாக மாற்று, டயரை மாற்று, பெல்ட் போடு, தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று வாங்கி சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டு, தேவையில்லாத எடையைக் கழற்று. மற்ற நான்கையும் பேருக்குச் செய்துவிட்டு, நான் கடைசியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வெள்ளைக்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். எடை குறையக் குறைய வேகம் கூடும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பின் சீட்டு போனது. தரைவிரிப்பு போனது. ஏசி போனது, ஸ்பீக்கர் போனது, ஸ்டெப்னி போனது. கதவின் உள் அட்டைகள் போயின. கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார்களும் போயின. கடைசியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டும் போனது. நானே ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு இட்லியோடு எழுந்துகொண்டேன். (அம்மா, எனக்குக் காதல் தோல்வி என்று நினைத்து மாமாவுக்குப் போன் செய்துவிட்டாள்.)

கழற்றுகிற வேலைக்குத் துணை வேலாயுதம். கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீன்பிடி விசைப்படகுகளுக்கு என்ஜின் பார்க்கிறவர். கார் மெக்கானிக்குகள் எல்லாரும் இந்தக் காரைப் பார்த்ததும் பயந்து பின்வாங்க, அவர் மட்டும்தான் பயப்படவில்லை. அவருக்கு உலகத்தில் இருப்பது இரண்டு வகை வண்டி. தண்ணீரில் போகிற போட்டு, தண்ணீரில் போகாத போட்டு. எதைக் காட்டி "இது தேவையா அண்ணே?" என்று கேட்டாலும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "போட்டுல இது கெடையாதே" என்பார். உடனே கழற்றிவிடுவோம்.

எவ்வளவு குறைந்தது என்று தெரிய வேண்டுமே. நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு டிராக்டர்கள் எடை போடும் மேடைக்குக் கொண்டுபோவேன். முன்னால் கரும்பு, பின்னால் கரும்பு, நடுவில் நான். மேடைக்காரர் முதல் தடவை குழம்பிப்போனார்.

"என்னா லோடு?"

"லோடு இல்லண்ணே. வண்டி மட்டும்."

"காலி வண்டிய எதுக்கு சார் எடை போடறீங்க?"

"எவ்ளோ எடைன்னு பாக்க."

"தெரிஞ்சு?"

எடைச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அடுத்தடுத்த மாதங்களில் போகும்போது அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது. "போன மாசம் பின்னாடி சீட்டு இருந்துச்சே சார்? வீட்ல எதுனா கஷ்டமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். நான் சாமான் சாமானாக விற்றுச் சாப்பிடுகிறேன் என்று அவர் கணக்கு. பின்னால் நின்ற டிராக்டர்காரர் எனக்கு ஒரு கரும்பை ஒடித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் வண்டியைத் தாழ்த்த வேண்டும் என்று ஆசை வந்தது. தரையோடு தரையாகப் போனால் வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்று படித்திருந்தேன். சாதிக்கிடம் சொன்னபோது, "அதுக்குன்னு தனியா ஸ்பிரிங் விக்குது மச்சான், நான் வரும்போது கொண்டாறேன். நீ எதையும் அறுத்துத் தொலைக்காத" என்றான். போனை வைத்த கையோடு நானும் வேலாயுதமும் அறுத்தோம். ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் இரண்டு சுற்று. வண்டி தவழ்கிற குழந்தை மாதிரி தரையில் படுத்துக்கொண்டது. பார்க்க என்ன அழகாக இருந்தது தெரியுமா. வெளியே எடுத்த முதல் நாளே ஒரு தேங்காய் மட்டையில் மாட்டிக்கொண்டு நின்றது.

சைலன்சர் குழாய்க்கு மேலேயும் கீழேயும் சூடு பரவாமல் ஒரு தகடு இருக்கும். அதையும் சாதிக் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தான். "எதை வேணா கழட்டு, அந்தத் தகட்ட மட்டும் தொடாத. குழாய் சூடு வெளியில வரக்கூடாது." சரி என்றேன். மனசாட்சியோடுதான் சொன்னேன். அடுத்த மாதம் மேடையில் எடை நான் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை. வேலாயுதம் அடியில் படுத்துப் பார்த்து, "இந்தத் தகடு போட்டுல கெடையாதே" என்றார்.

2009-இல் மாசி பிறந்ததும் சாதிக் வந்தான். உம்மாவைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் குடோனுக்கு வந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இறக்கையைத் தடவிப் பார்த்தான். குனிந்து அடியில் எட்டிப் பார்த்தவன் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"ஸ்பிரிங்க அறுத்துட்டியா?"

"கொஞ்சமா."

"தகடு?"

"எடை மச்சான்."

எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்காது. "பரவால்ல. நல்லா ஒழைச்சிருக்கறடா. டிராக்குல சுத்தமான ரோடு, அங்க ஒண்ணும் ஆவாது. ஆனா வெளி ரோட்டுல ஓட்ட வேணாம். லாரில ஏத்தித்தான் கொண்டுபோவணும். துபாய்லயும் அப்படித்தான்" என்றான். தெரிந்தவர் லாரி ஒன்றையும் பேசிவைத்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருந்த டிராக்கில், லீவு முடிவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குப் பெயரும் கொடுத்தாயிற்று.

அதற்கு முன்னால் இருந்த நாட்களில் அவன் அந்தக் காரை ஒரு தடவைகூட ஓட்டவில்லை. கேட்டான். தினமும் கேட்டான் என்றே சொல்லலாம். "புது பிரேக்கு, இன்னும் செட் ஆவல மச்சான்" என்பேன். மறுநாள் கேட்டால், "கிளட்ச்சு எனக்குத்தான் பழகியிருக்கு" என்பேன். அவன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்று என் ஓட்டலைப் பார்ப்பான். நான் குடோனிலிருந்து வாசல்வரை ஓட்டிக்காட்டிவிட்டு, திரும்ப உள்ளே விடுவேன். சொந்தக் காரைப் பார்க்க வேலிக்கு வெளியே நின்றவன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். இது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

இந்த இடத்தில் என் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைமாதம்தான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். புவனகிரி தாண்டி ஒரு கிராமம். (ஊர்ப் பெயரை எழுதினால் மாமனார் கோபித்துக்கொள்வார்.) பெண் பெயர் செல்வி. இரண்டு பக்கமும் பேசிமுடித்து, நிச்சயதார்த்தம் மட்டும்தான் பாக்கி. பெண் பார்க்கப் போனபோது அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசியது, "காபி நல்லா இருக்கு." அது டீ. அந்த அவமானத்தைத் துடைக்க ஒரே வழி, மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரில் அவள் வீட்டு வழியாகப் போவதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை லாரி வருவதற்கு முன்னால் சாதிக்கிடம் பேச்சைத் தொடங்கினேன். "நடக்கற கன்னுக்குட்டிய எவனாவது தோள்ல தூக்கிட்டுப் போவானா? லாரி வேணாம்டா. புவனகிரி வழியா மெதுவா உருட்டிட்டுப் போயி பண்ருட்டி ரோட்டப் புடிச்சிரலாம்."

"தகடு இல்லையே மச்சான்."

"நான் பாத்துக்கறேன்."

சாதிக் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு வருசம் நீ வச்சிருந்து பாத்த வண்டி. நீ சொன்னா சரி" என்றான். லாரிக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னதும் அவன்தான்.

சீட்டு ஒன்றுதான். அதில் நான் உட்கார்ந்தேன். வேலாயுதம் நைலான் பட்டையில் தைத்துக் கொடுத்த பெல்ட்டை, தோள் இரண்டிலும் இடுப்பிலும் இழுத்து மாட்டிக்கொண்டேன். காரின் சொந்தக்காரன் பக்கத்தில் வெறும் தகரத்தில் கோணிப்பையை மடித்துப் போட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வெளியிலிருந்து பார்த்தால் அவன் தலைகூடத் தெரியாது. கிளம்பும்போது, "கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டா?" என்று கேட்டான். "பண்ருட்டி தாண்டட்டும் மச்சான். கொடுத்துடறேன்" என்றேன்.

புவனகிரி தாண்டிக் கிளை ரோட்டில் திரும்பினேன். மாசிக் கடைசியில் எங்கள் பக்கத்து ரோடுகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன. நெல் அறுத்த வயலில் உளுந்து விதைத்து, காய்ந்ததும் கொடியோடு பிடுங்கி, அப்படியே தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறி ஏறிப் போனால் காய் வெடித்து உளுந்து தனியாக வந்துவிடும். களமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். செல்வியின் ஊர் எல்லையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மொரமொரவென்று காய்ந்த உளுத்தங்கொடி ரோடு முழுக்கக் கிடந்தது.

"மச்சான், நிறுத்து. இதுல ஏத்தாத. திரும்பிரலாம்" என்றான் சாதிக், கீழேயிருந்து தலையை நீட்டி.

திரும்பியிருப்பேன். ஆனால் எதிரே, கொடியைப் புரட்டிவிடும் கவைக்கம்போடு, தலையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தவர் என் வருங்கால மாமனார். காரை அடையாளம் தெரியவில்லை, என்னை அடையாளம் தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க மாப்ளே, ஏறி வாங்க, ஏறி வாங்க" என்று இரண்டு கையாலும் அழைத்தார். அது அவருடைய உளுந்து. பின்னால் வீட்டு வாசலில் செல்வி முறத்தோடு நின்றாள். இந்த நிலையில் ரிவர்ஸ் எடுக்கும் ஆண்மகன் யார் என்று எனக்குக் காட்டுங்கள்.

ஏற்றினேன். அடியில் சரசரவென்று சத்தம். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, கண்ணை முன்னால் வைத்து, முகத்தை ரேஸ்காரன் மாதிரி வைத்துக்கொண்டு (எப்படி என்று கேட்காதீர்கள், உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டும்) அவர் பக்கத்தில் போய் நின்றேன். மாமனார் குனிந்து நசுங்கிய கொடியை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பெரிதாக வியந்துபோனார்.

"தாழ்வா இருக்கறதால நல்லா தேயுது மாப்ளே. பஸ்ஸு கூட இப்படி அடிக்காது. வந்ததுதான் வந்தீங்க, அந்தக் கோடிவரைக்கும் ஒரு தபா போயிட்டு வந்துருங்களேன்."

"வேணாம்னு சொல்லு" என்றான் கீழேயிருந்து சாதிக்.

"ஒரே ஒரு தபாடா. மாமா கேக்கறாரு."

போனேன். திரும்பி வந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர், "எங்க உளுந்தும் அடுத்து கெடக்குது மாப்ளே" என்று விண்ணப்பம் போட்டார். மூன்றாவது தடவை போகும்போது சாதிக் சொன்னான்: "மச்சான், கீழ சுடுது."

"ரேஸ் காருன்னா அப்படித்தான்."

"எனக்குத் தெரியாதா? இது வேற சூடு. கோணி கருகுது."

நான் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் புகை. புகையைத் துரத்திக்கொண்டு மாமனார் ஓடிவந்தார். நான் கையை ஆட்டினேன், என் வேகத்தைப் பாராட்டத்தான் வருகிறார் என்று. வண்டி தானாக முக்கி முனகி நின்றது. அச்சு முழுக்கக் கொடி சுற்றிக்கொண்டு இறுகியிருந்தது. அதற்குள் கொதிக்கும் குழாயில் ஒட்டிய சருகு பற்றிக்கொண்டு, சாதிக் உட்கார்ந்திருந்த தகரத்தின் ஓட்டை வழியாக நாக்கு நீட்டியது.

"சிலிண்டர் எங்கடா?"

அவன் சொன்னபடி தீயணைக்கும் சிலிண்டரை வாங்கித்தான் இருந்தேன். முந்தைய நாள்தான் எடை என்று கழற்றிக் குடோனில் வைத்தேன்.  என் முகத்தைப் பார்த்து அவனே புரிந்துகொண்டான்.

கதவைத் திறந்து அவன் வெளியே உருண்டிருக்கலாம். அவனுக்கு பெல்ட் இல்லை, சீட்டு இல்லை, ஒரு தடையும் இல்லை. எனக்குத்தான் வேலாயுதத்தின் நைலான் பட்டை. கொக்கி இறுகிவிட்டது. நான் இழுத்த இழுப்பில் இன்னும் இறுகியது. செல்வி ஓடிவந்து ஜன்னல் பக்கம் நின்று, "கதவத் தொறந்து எறங்குங்க" என்று கத்தினாள். அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நான் இறங்கவில்லை. சாதிக் புகைக்குள் மண்டியிட்டு என் இடுப்புக்குக் கையை விட்டான். ஆயிரம் கார்களைக் கட்டி அவிழ்த்த கை. ஒரு திருகுத் திருகியதும் பட்டை விட்டுக்கொடுத்தது. என்னைக் கதவு வழியாகத் தள்ளி, பின்னாலேயே அவனும் விழுந்தான். அவன் முழங்கைத் தோல் பொசுங்கியிருந்தது.

அதற்கப்புறம் ஊர் மொத்தமும் குடத்தோடு ஓடியது. மோட்டார் கொட்டகையிலிருந்து தண்ணீர், வரப்பிலிருந்து மண். தீ காரோடு நிற்கவில்லை. ரோட்டோரமாகவே ஓடி, அடித்த உளுந்து, அடிக்காத உளுந்து, பக்கத்து வீட்டுக்காரர் விண்ணப்பித்த உளுந்து எல்லாவற்றையும் தின்றது. மூன்று மாதப் பாடு. மாமனார் என் தோளைப் பிடித்து உலுக்கி, "மாப்ளேக்கு ஒண்ணும் ஆவலையே, ஒண்ணும் ஆவலையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகுதான் திரும்பி ரோட்டைப் பார்த்தார். அப்புறம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கார் கருப்பாகிவிட்டது. இறக்கை உருகி ஒழுகியிருந்தது. ஒரு பக்கக் கதவில் மட்டும் கை அகலத்துக்கு மஞ்சள் மிஞ்சியிருந்தது. சாதிக் சாலையோரப் புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு யாரிடமோ கேட்டு ஒரு டிராக்டர் டிரெய்லர் வரவழைத்தான். பலகை போட்டு, சங்கிலி மாட்டி, பத்துப் பேரைத் தள்ளச் சொல்லி வண்டியை மேலே ஏற்றினான். எரிந்துபோன காருக்கு அப்படி ஒரு கவனம் தேவையில்லை. ஆனாலும் நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகக் கட்டி, ஒவ்வொரு முடிச்சையும் ஆட்டிப் பார்த்தான். ஊர்க்காரர்கள், "தம்பிக்கு இதான் தொழில் போல" என்று பேசிக்கொண்டார்கள்.

"மன்னிச்சிருடா" என்றேன்.

"உசுரோட இருக்கறல்ல. வுடு" என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டிராக்கில் மற்றவர்கள் ஓட்டியிருப்பார்கள். நாங்கள் பரங்கிப்பேட்டையில் அவன் வீட்டில் இருந்தோம். அவன் உம்மா அவன் முழங்கைக்கு மருந்து தடவிவிட்டு எனக்கும் சேர்த்துப் பரிமாறினார். நான் கழுத்துவரை சாப்பிட்டேன். எடையைக் குறைக்க இனி ஒன்றும் இல்லையே. அந்த வாரமே சாதிக் விமானம் ஏறினான். போய் இறங்கியதும் வெள்ளிக்கிழமை வழக்கம்போல் போன் வந்தது. பேசுவதற்கு வண்டி இல்லாததால் மழை, வெயில், சினிமா என்று என்னென்னவோ பேசினோம்.

என் கல்யாணம் நின்றுபோகும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நிற்கவில்லை. "சொன்ன பேச்சத் தட்டாம மூணு தபா போயிட்டு வந்த புள்ள" என்று மாமனார் முடிவு சொல்லிவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு வடை மட்டும் போடவில்லை. வீட்டில் உளுந்து இல்லை என்று வந்தவர்களிடமெல்லாம் காரணத்தோடு சொன்னார்கள்.

அன்றிலிருந்து இது எங்கள் குடும்பத்தின் சொத்தாகிவிட்டது. எந்த விசேஷமானாலும் மாமனார் தொடங்கிவிடுவார். "எங்க மாப்ளே ரேஸ் கார்ல வந்துதான் உளுந்து அடிப்பாரு." நான் கத்திரிக்காய் வாங்கக் கிளம்பினாலும் செல்வி, "வழியில யாராச்சும் உளுந்து அடிக்கக் கூப்ட்டா போயிராதீங்க" என்பாள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது.

2012-இல் எங்கள் மகளுக்குக் காது குத்தினோம். சாதிக் லீவில் வந்திருந்தான். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் மாமனார் தொடங்கிவிட்டார். கொடி, புகை, குடம், எல்லாம் வந்தன. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டியதை அவர் நடித்தே காட்டினார். மண்டபமே உருண்டது. சாதிக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். சிரித்து ஓய்ந்தபோது, அன்றைக்கு என்னைத் தவிர யாரையும் கவனித்திராத மாமனார் மரியாதைக்காக அவன் பக்கம் திரும்பி, "தம்பி நீங்க மாப்ளேவோட சிநேகிதருன்னு சொல்றாங்க, நீங்க அன்னைக்கு எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

"நானும் வண்டிலதான் மாமா இருந்தேன். கீழ உக்காந்திருந்தேன்" என்றான்.

அதற்குத்தான் எல்லாரும் அன்றைக்கு அதிகம் சிரித்தார்கள்.

சாயங்காலம் அவனை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வரக் காத்திருந்தபோது, பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். இன்னும் அதே வேலைதானா, இன்னும் வேலிக்கு வெளியேதானா என்று.

"அதே வேலதான். ஆனா போன வருசம் ஒரு ஆளு சாவிய என் கையில கொடுத்துட்டான் மச்சான். தெனமும் ஏத்தி எறக்கற, நீ ஒரு ரவுண்டு போயிட்டு வான்னான். நல்ல மனுசன்."

"போனியா?"

"சீட்ல உக்காந்தேன். பெல்ட்டும் போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"எறங்கிட்டேன்." அவன் என்னைப் பார்க்காமல் பஸ் வரும் திசையைப் பார்த்தான். "மொத ரவுண்டு நம்ம வண்டில போறதா இருந்தேன்ல. வேற வண்டில போவ மனசு வல்ல."

பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கையை ஆட்டினான். பஸ் கண்ணை விட்டு மறையும்வரை நின்றுவிட்டு மண்டபத்துக்குத் திரும்பினேன். தாமதமாக வந்த உறவுக்காரர்களுக்கு மாமனார் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தார். என்னைக் கண்டதும், "எத்தினி தபா போனீங்க, நீங்களே சொல்லுங்க மாப்ளே" என்றார்.

"மூணு தபா மாமா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.